கிளிக்கும் ஒரு கோடு உண்டு

வெயில் தாழ்ந்து, செம்மணி வெளியைக் கடந்து வரும் உப்புக் காற்று முகத்திற் படத் தொடங்கும் வேளையில், அரியாலையின் எந்த ஒழுங்கையால் நடந்து சென்றாலும் பந்து உதைபடும் ஓசை காதில் விழும். கண்டி வீதியில் வாகனங்கள் இரைந்துகொண்டு போகும். கோயில் மணி ஒலிக்கும். வேலிக்கு அப்பால் ஒரு தாய், "பொழுதுபடுது, வந்து முகத்தைக் கழுவு" என்று மகனைக் கூப்பிடுவாள். இத்தனை ஓசைகளுக்கும் நடுவே, "பந்தைத் தா, பந்தைத் தா" என்ற கூக்குரல் மட்டும் ஓய்வதில்லை. எமது ஊர்ப் பிள்ளைக்கு ஏடு தொடக்குதல் ஒரு சடங்கு. உதைபந்தைக் காலால் தொடுதல் மற்றொரு சடங்கு. இரண்டுக்கும் இடையில் நெடுங்காலம் செல்வதில்லை.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், அயலிலுள்ள சிறுவர்களுக்கு மாலை வேளைகளில் உதைபந்தாட்டம் பயிற்றுவிக்கும் பொறுப்பு எம்மை வந்து சேர்ந்தது. நாம் பெரிய ஆட்டக்காரராக என்றும் இருந்ததில்லை. "விசில் பிடிக்க ஒரு பெரியாள் வேணும், மாஸ்ரர்" என்று இளைஞர்கள் வந்து கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. அந்தப் பொறுப்பிலே நாம் செய்த தவறு ஒன்றையும், அதனால் கற்ற பாடத்தையும் இங்கே எழுத விரும்புகிறோம். விளையாட்டைப் பற்றிய கதைதான். ஆயினும் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், வளர்ந்துவரும் மாணவருக்கும் இதில் ஏதேனும் இருக்கக்கூடும்.

எம்மிடம் பயிலும் சிறுவர்களுள் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கிழக்கு அரியாலையிலே கடல் நீரேரியை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளை. மெலிந்த தேகம், நீண்ட கால்கள், அதிகம் பேசாத சுபாவம். அவனிலும் வேகமாக ஓடுவோர் எமது மைதானத்தில் இருவர் இருந்தனர். ஆனால் எதிராளி ஒருவன் பந்தோடு நிற்கும்போது அவனை நெருங்கிப் பதறவைக்கும் வித்தை இவனுக்கு மட்டுமே கைவந்திருந்தது.

அந்த வித்தையைச் சற்று விளக்குதல் வேண்டும். மற்றப் பையன்கள் பந்தை வைத்திருப்பவனை நோக்கி நேர்கோட்டில் ஓடுவார்கள்; அவன் உடலை ஒருபுறம் சாய்த்துப் பந்தை மறுபுறம் தட்டிவிட்டால் ஏமாந்து கடந்து போவார்கள். இவன் வளைந்து ஓடுவான். அந்த வளைவினாலேயே எதிராளி பந்தைக் கொடுக்கக்கூடிய ஒரு வழி அடைபட்டுவிடும். கடைசி இரண்டு அடி தூரத்தில் வேகத்தைக் குறைப்பான். தோளைப் பக்கவாட்டில் திருப்பி, எதிராளியை அவனுடைய பழக்கமற்ற காலின் பக்கமாகத் தள்ளுவான். பின்பு பொறுத்து நிற்பான். பந்து எதிராளியின் காலிலிருந்து ஒரு முழம் விலகும் அந்தக் கணத்திலே இவனது கால் உள்ளே நுழைந்துவிடும். எவரும் கற்றுக் கொடுத்து வந்த கலையன்று அது. ஒழுங்கையிலே கோழி பிடித்துப் பழகியதாக அவனே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னான்.

இந்தத் திறமையோடு மற்றொன்றும் சேர்ந்திருந்தது. எங்கே நிறுத்தினாலும் ஆடுவான். முன்வரிசையில் விட்டால் கோல் போடுவான். நடுவிலே விட்டால் இரு பக்கமும் ஓடுவான். பின்வரிசையில் நிறுத்தினால் தலையாலும் காலாலும் பந்தைத் தடுப்பான். "தம்பி, இண்டைக்கு அங்கை நில்" என்றால் ஏன் என்று கேட்கமாட்டான். பயிற்றுபவனுக்கு இதைவிட வேறு என்ன பாக்கியம் வேண்டும்? நாமும் அப்படித்தான் எண்ணினோம். தவறு அங்கேதான் தொடங்கியது.

2024ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் அயலூர்ச் சிறுவர்களோடு ஒரு சுற்றுப்போட்டி நடந்தது. முதல் ஆட்டத்தில் அவனை முன்வரிசையின் வலப்பக்கத்தில் விட்டோம். இரண்டு கோல்களுக்கு அவனே காரணமானான். இரண்டாம் ஆட்டத்தில் நடுவிலே ஆடும் பையன் பாட்டன் வீட்டுக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு இவனை இழுத்தோம். மூன்றாம் ஆட்டத்திற் பின்வரிசை தளம்பியது, அங்கே அனுப்பினோம். அதே ஆட்டத்தின் இறுதியிற் கோல் காப்பாளனின் விரல் பிசகியது. கையுறையை இவனிடம் கொடுத்தோம். நான்காம் ஆட்டத்தில், அரைமணிக்கு ஓரிடமாக, மைதானம் முழுவதையும் அவனைக் கொண்டு நிரப்பப் பார்த்தோம். அந்த ஆட்டத்திலே தோற்றோம். தோல்வி பெரிதன்று. கடைசிப் பத்து நிமிடங்களில் அவன் எதிராளியை நோக்கி வளைந்து ஓடாமல் நேராக ஓடியதைக் கண்டோம். களைத்தவனுக்கும் குழம்பியவனுக்கும் முதலில் மறந்துபோவது தன் சொந்த வித்தைதான். அதை அன்று நாம் உணரவில்லை.

அடுத்த வாரம் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரம் நாமே அவனது வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே சென்றோம்.

திண்ணையிலே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து, தொட்டாலே முகம் சுளித்தான். வைத்தியர் பார்த்திருக்கிறார். உடல் விரைவாக வளரும் வயதிலே, தொடைத் தசையின் நாண் கீழ்க்கால் எலும்பிற் பொருந்தும் இடம் இன்னும் இளசாக இருக்கும். ஓயாத ஓட்டமும் பாய்ச்சலும் அந்த இடத்தை இழுத்து இழுத்து நோகச் செய்யும். ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும் என்று சொல்லியிருக்கிறார். வளரும் பிள்ளைகளிடத்தில் அடிக்கடி காணப்படும் நோவுதான். எம்மைச் சுட்டது நோவு அன்று. அது அந்தப் போட்டிக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கியது என்று தாயார் சொன்ன செய்தி.

"ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டோம்.

"நீங்கள் எல்லா இடத்துக்கும் என்னைத்தானே கூப்பிட்டனீங்கள், சேர். நான் இல்லையெண்டால் ஆர் நிக்கிறது?" என்றான்.

அவனது தகப்பனார் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அதுவரை வாய் திறக்கவில்லை. ஊசியை வலையிற் குத்தி வைத்துவிட்டு எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்ரர், குறை நினையாதேங்கோ. சிறகுவலைக் கம்பை நாளுக்கொரு இடத்திலை ஊண்டினால் றால் வருமோ? ஊண்டின இடத்திலை கொஞ்ச நாள் நிக்கவேணும். அப்பதான் அந்த இடத்து நீரோட்டம் எங்களுக்குப் பிடிபடும்."

"காத்து மாறினால்?" என்று கேட்டோம்.

"காத்து மாறினால் மாத்தத்தான் வேணும். காத்தைப் பாத்து மாத்துறது வேறை, கண்டபடி மாத்துறது வேறை."

அதற்குமேல் அவர் பேசவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம், விடைபெற்றோம்.

திரும்பி வரும் வழியில், கோயிலின் முன் மணலிலே சிறுவர் சிறுமியர் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தனர். அந்த ஆட்டத்தை அறியாத இளம் வாசகர்களுக்காகச் சொல்லுகிறோம். நிலத்தில் நீள்சதுரம் கீறி, அதனைக் குறுக்குக் கோடுகளாற் பல தட்டுக்களாகப் பிரித்து, நடுவே ஒரு நெடுங்கோடு இழுப்பார்கள். ஒரு கட்சியார் தட்டுக்களைக் கடந்து மறுகரைக்குப் போய்த் திரும்பவேண்டும். மற்றக் கட்சியார் மறிக்கவேண்டும். மறிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறுக்குக் கோடு. அதைவிட்டு அவர் அசையக்கூடாது. கிளி என்று பெயர் பெற்ற ஒருவன் மட்டும் நெடுங்கோட்டின் வழியே மேலும் கீழும் ஓடித் திரியலாம். ஆட்டத்திலே மிகச் சுறுசுறுப்பான பிள்ளையைத்தான் கிளியாக்குவார்கள்.

சிறு வயதில் நூறு தடவை ஆடிய ஆட்டம். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று புலப்பட்டது. கிளி எங்கும் திரிபவன் போலத் தோன்றுகிறானே தவிர, அவனுக்கும் கோடு உண்டு. நெடுங்கோட்டை விட்டுத் தட்டுக்குள் இறங்கிவிட்டால் அவன் கிளியல்லன். மேலும், குறுக்குக் கோடுகளில் மற்றவர்கள் தத்தம் இடத்தில் நிற்பதனாலேதான் கிளியின் ஓட்டத்துக்குப் பயன் உண்டாகிறது. மற்றவர்கள் மறிக்காவிட்டால் கிளி வெறுங்கையோடு ஓடிக் களைப்பான். நாம் அந்தப் பையனைக் கிளியாக்கியதாக எண்ணியிருந்தோம். உண்மையில் எல்லாக் குறுக்குக் கோடுகளிலும் அவனையே நிறுத்த முயன்றிருந்தோம்.

இங்கே எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1970களின் இறுதியில் நாமும் அத்தகைய பையனாகவே இருந்தோம். பதினொருவரைத் திரட்டுவதே பெரும்பாடாக இருந்த காலம். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருடைய இடம் எமக்கு. "எல்லாத்துக்கும் உதவுவான்" என்று பெரியவர்கள் முதுகில் தட்டுவார்கள். அந்தத் தட்டலிலே உள்ளம் பூரித்துப்போகும். ஒருநாள் தெரிவுப் போட்டி ஒன்றுக்குச் சென்றோம். மேசையில் இருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "உம்முடைய இடம் எது?" என்று கேட்டார். "எல்லா இடமும் விளையாடுவேன், சேர்" என்றோம், பெருமையோடு. அவர் எம்மை ஒரு கணம் பார்த்தார், பேனாவால் ஒன்றும் எழுதவில்லை, அடுத்தவனைக் கூப்பிட்டார். அவர்மீது குற்றமில்லை. எழுதுவதற்கு எம்மிடம் ஓர் இடம் இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எழுதாத பேனா எம் கண்ணுக்கு முன்னே நிற்கிறது. அப்படியிருந்தும், எமக்கு நேர்ந்ததையே வேறொரு பிள்ளைக்கு நாம் செய்துகொண்டிருந்தோம்.

அதன் பின்னரே, பல இடங்களிலும் ஆடவல்ல வீரர்களைப் பெரிய பயிற்றுநர்கள் எப்படி நடத்தினார்கள் என்று தேடிப் படிக்கலானோம். தேடியதில் முதலாவதாக எம்மைக் கவர்ந்தது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பயிற்றுநர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவரும் தொழிலால் ஆசிரியர். அவருடைய பின்வரிசையின் தூண் ஜர்னைல் சிங். தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்திலே ஜர்னைலின் தலையிற் பெருங்காயம் பட்டுத் தையல் போட நேர்ந்தது. தடுப்பாளன் தலையால் ஓயாது பந்தை முட்டவேண்டியவன்; காயம்பட்ட தலையோடு அங்கே நிற்பது கடினம். ரஹீம் அவரை முன்வரிசையின் நடுவிலே நிறுத்தினார். பின்வரிசைப் பொறுப்பை அருண் கோஷ் முதலியோர் தாங்கினர். அரையிறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3-2 என வென்றது. ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டெம்பர் 4ஆம் திகதி நடந்த இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது, பி. கே. பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் ஒன்றுமாகக் கோல் போட்டார்கள். போட்டி முடிந்ததும் ஜர்னைல் தம் பழைய இடத்துக்கே திரும்பினார். ஆசியாவின் தலைசிறந்த தடுப்பாளர்களுள் ஒருவராகவே இன்றும் நினைக்கப்படுகிறார்.

அதே இறுதியாட்டத்திலே இந்தியாவின் கோல் காப்பாளராக நின்றவர் பீற்றர் தங்கராஜ். செக்கந்தராபாத்தில் வளர்ந்த இந்தத் தமிழர் முதலில் முன்வரிசை ஆட்டக்காரராகத்தான் தொடங்கினார். இராணுவத்திற் சேர்ந்து மதராஸ் ரெஜிமென்ற் அணியில் ஆடிய காலத்திற் கோல் காப்பாளராக மாற்றப்பட்டார். நெடிய உடலும் நீண்ட கைகளும் அந்த இடத்துக்கென்றே வாய்த்தவை. மாறிய பின்னர் அங்கேயே வேர் ஊன்றினார். 1956, 1960ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். 1967இல் அர்ஜுனா விருதும் பெற்றார்.

ஒரே அணியில், ஒரே நாளில், இரண்டு விதமான இடமாற்றம்! தங்கராஜினுடையது வீடு மாறுவது போன்றது. தனக்கு உரிய இடத்தைக் கண்டுபிடித்து அங்கே குடியேறிவிடுவது. ஜர்னைலினுடையது விருந்துக்குப் போய்வருவது போன்றது; காரணம் தெரிந்து, காலம் தெரிந்து சென்று, மீண்டும் தன் வீட்டுக்கு வருவது. இரண்டும் நல்லன. நாம் எமது பையனுக்குச் செய்தது மூன்றாவது விதம். வீடே கொடாமல் நாளுக்கொரு திண்ணையிற் படுக்கவைப்பது.

அமெரிக்கர்கள் உதைபந்தாட்டம் என்று பெயரிட்டு ஆடும் ஆட்டத்திற் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கிறது. ஒருவர் பின்னே நின்று பந்தைத் தூர எறிவார்; எதிரணியிலே சிலருக்கு, அவர் எறியுமுன் பாய்ந்து அவரை வீழ்த்துவதே தொழில். எமது பையனின் வித்தைக்கு அது தூரத்து உறவு. 2021ஆம் ஆண்டு டல்லாஸ் கவ்போய்ஸ் கழகம் மைக்கா பார்சன்ஸ் என்னும் இளைஞரை இரண்டாம் வரிசைக் காவலராகச் சேர்த்தது. முதல் ஆட்டத்தின் பின், ஓரத்தில் நின்று பாயும் வழக்கமான வீரருக்குக் காலில் எலும்பு முறிந்தது. அந்த இடத்துக்குப் பார்சன்ஸை நகர்த்தினார்கள். அந்தப் பருவத்தில் அவர் 13 தடவை எறிபவரை வீழ்த்தி, அவ்வாண்டின் சிறந்த புதிய தடுப்பு வீரர் என்ற விருதைப் பெற்றார். தேவைப்பட்டபோது இரண்டாம் வரிசைக்கும் போய்வந்தார். உயர்நிலைப் பள்ளியிலே அவர் ஓரத்தில் நின்று பாய்ந்தவர்தான் என்பது கவனிக்கத்தக்கது. அவசரத்திற் கண்ட இடம் அவருடைய பழைய வீடாகவே இருந்தது.

ஜேர்மனியின் பிலிப் லாம் மற்றோர் உதாரணம். 2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தொடக்கத்தில் அணித்தலைவரான அவரை நடுவரிசையில் ஆடவிட்டார்கள். பிரான்சுடனான காலிறுதியிலிருந்து அவருடைய பழைய இடமாகிய பின்வரிசையின் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஜேர்மனி கிண்ணத்தை வென்றது. ஆனால் அப்போது லாமுக்கு வயது முப்பது. பல ஆண்டுகளாகப் பின்வரிசையின் நெளிவுசுளிவுகளை எல்லாம் அறிந்தபின் அயலிடம் சென்றவர். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அந்தச் சேமிப்பு ஏது?

பல இடத்திலும் ஆடுபவனை அக்காலத்தில் ஏன் அத்தனை தேடினார்கள் என்பதும் விளங்கியது. உலகக் கிண்ணப் போட்டியில் மாற்று வீரர்களை இறக்குவதற்கு 1970ஆம் ஆண்டிலேதான் முதன்முறை அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னர் ஒருவர் காயப்பட்டால், களத்தில் நிற்பவர்களே இடம் மாறி நிரப்பவேண்டும். இன்றோ ஓர் ஆட்டத்தில் ஐவரை மாற்றலாம் என்பது விதியாகிவிட்டது. காலம் மாறியும் எமது மனம் மாறவில்லை. வாங்கிலே நான்கு பையன்கள் காத்திருக்க, ஒருவனையே நான்கு இடத்துக்கும் அனுப்பினோம். அதனால் ஒருவன் தேய்ந்தான், நால்வர் வளரவில்லை.

இனி, அவனுக்கு எது வீடு என்று பார்க்கவேண்டியிருந்தது. இரண்டு மாத ஓய்வின்பின், வைத்தியர் சம்மதித்ததும் மெல்ல மெல்லத் திரும்பினான். நாம் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வரம்பிலே உட்கார்ந்தோம். அவன் எங்கே நிற்கும்போது எத்தனை தடவை பந்தைப் பறிக்கிறான், பறித்த பந்தால் என்ன நடக்கிறது என்று குறித்தோம்.

பின்வரிசையில் நின்றபோது அவனுடைய வித்தையே அவனுக்கு எதிரியாயிற்று. எதிராளியை நெருங்கவேண்டும் என்ற இயல்பினால் இடத்தைவிட்டு வெளியே பாய்வான். பாய்ந்தவனுக்குப் பின்னே பெருவழி திறந்துவிடும். பறித்தாலும், எதிரணியின் கோல் வெகுதூரத்தில் இருக்கும். நடுவில் நின்றபோது அதிகமாகப் பறித்தான். ஆனால் நாலாபக்கமும் விரட்டவேண்டியிருந்ததால் அரைமணியிலே மூச்சு வாங்கினான். முன்வரிசையின் வலப்பக்கத்தில் நின்றபோது பறித்தவை குறைவு; எனினும் ஒவ்வொன்றும் எதிரணியின் கோலுக்கு அருகே கிடைத்த பந்து. ஒரு தட்டு, ஓர் உதை, கோல். அங்கே அவன் பிழைவிட்டாலும் பின்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். துணிந்து பாய்பவனுக்கு, பிழைவிட இடமுள்ள இடந்தான் வீடு. கொப்பியிலே அந்த இடத்தை வட்டமிட்டோம்.

வட்டமிட்ட பின் அவனையே கேட்டோம். எங்கே ஆட விருப்பம் என்று முன்னொருபோதும் கேட்டதில்லை. சற்று நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டு, "முன்னுக்குத்தான், சேர். அங்கை நிண்டால் அவன் என்ன செய்யப்போறான் எண்டு எனக்கு முதலே தெரியும்" என்றான். மூன்று வாரம் கொப்பியில் எழுதியதை ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டான்.

அதன் பின்னர் மூன்று நியமங்களை வகுத்துக்கொண்டோம். முதலாவது, அவனுடைய இடம் முன்வலம். பயிற்சியில் பெரும்பகுதி அங்கேயே. மாதத்தில் ஓரிரு நாள் பின்வரிசையிலும் நிற்பான். அது அயலிடத்தைப் பார்த்துவரும் பயணம். இரண்டாவது, அவன் விரட்டும்போது மற்றவர்கள் நின்று பார்க்கக்கூடாது. அவன் வளைந்து ஓடி ஒரு வழியை அடைத்தால், அருகிலுள்ளவன் இரண்டாம் வழியை அடைக்கவேண்டும். நடுவில் நிற்பவன் பத்தடி முன்னேறவேண்டும். கிளித்தட்டை நினைவூட்டித்தான் இதைச் சொல்லிக்கொடுத்தோம். பையன்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது, ஆட்டம் முழுவதும் விரட்டச் சொல்லுவதில்லை. தொடக்கத்திற் கால்மணி, இடைவேளைக்குப் பின் கால்மணி. மற்ற நேரத்தில் இடத்தைக் காத்து நின்றால் போதும். எப்போதும் எரியும் விளக்கில் எண்ணெய் விரைவில் வற்றும்.

அடுத்த ஆண்டு அயலூர் அணி ஒன்றோடு ஆடிய ஆட்டம் நினைவில் நிற்கிறது. ஒரு கோலால் முன்னே நின்றோம். பதினைந்து நிமிடம் இருக்கையில் பின்வரிசையின் வலப்பக்கப் பையன் கால் பிசகி வெளியேறினான். வாங்கிலே அந்த இடத்துக்குப் பழகிய சிறுவன் ஒருவன் இருந்தான். ஆனால் எதிரணியின் இடப்பக்க வீரனோ ஆனைபோன்ற பையன். "அவனைப் பின்னுக்கு விடுங்கோ, மாஸ்ரர்!" என்று வேலியோரம் நின்றவர்கள் சத்தமிட்டார்கள். பழைய ஆசை எமக்கும் எழாமல் இல்லை. அவனை வரம்புக்கு அழைத்து, "தம்பி, பதினைஞ்சு நிமிசந்தான். அந்தப் பெடியன் வலக்காலாலை திரும்பமாட்டான்; நீ அவனை வலப்பக்கம் தள்ளினால் காணும். முழங்கால் எப்பிடி? ஏலாதெண்டால் சொல்லு, சின்னவனை விடுறன்" என்றோம். முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏலும் சேர். ஆனால் அடுத்த மட்சிலை சின்னவனை விடுங்கோ, அவனும் பழகட்டும்" என்றான். போனான், நின்றான், தள்ளினான். கோல் எண்ணிக்கை மாறவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் முன்வலத்தில் நின்றான். சின்னவன் பின்னே நின்று, இரண்டு தடவை ஏமாந்து, மூன்றாம் தடவை தடுத்தான்.

ஜர்னைலை முன்னே அனுப்பியபோது ரஹீம் என்ன சொல்லி அனுப்பினாரோ அறியோம். எமக்கு மட்டும் ஒன்று தெளிவாயிற்று. ஒரு பிள்ளையை அவனுடைய இடத்திலிருந்து அசைக்குமுன் காரணம் சொல்லவேண்டும், காலம் சொல்லவேண்டும், மறுக்கும் உரிமையையும் கொடுக்கவேண்டும். இவை மூன்றும் இருந்தால் அதே வேலை அவனுக்குச் சுமையாகாது, கெளரவமாகிவிடும்.

மைதானத்தைவிட்டு வீட்டைப் பார்த்தாலும் இதுவே கதை. எந்தக் குடும்பத்திலும், கேட்டவுடன் எழுந்து செய்யும் பிள்ளை ஒன்று இருக்கும். கடைக்கு அது, தம்பியைக் கூட்டிவர அது, அம்மம்மாவை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல அது. எந்தப் பாடத்திலும் எண்பது வாங்கும் மாணவியை விஞ்ஞானத்துக்கு ஒருவரும், வர்த்தகத்துக்கு ஒருவரும், கலைக்கு ஒருவரும் இழுப்பார்கள். "இவளுக்கு எல்லாம் வரும்" என்ற பாராட்டிலே, "உனக்கு எது வேண்டும்?" என்ற கேள்வி மூழ்கிப்போகும். முரண்டு பிடிக்கும் பிள்ளைக்குத் தன் இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. இணங்கிப்போகும் பிள்ளைக்கு நாமே பார்த்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அதன் முழங்கால் நோவதை அது சொல்லாது.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். பலவும் செய்யவல்லவராக இருத்தல் நல்ல செல்வம். ஆனால் முதலில் ஓரிடத்தின் நீரோட்டத்தை அறியுங்கள். மற்ற இடங்களுக்கு அந்த அறிவே துணையாக வரும்.

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு தெரிவுப் போட்டிக்கு அவனை அழைத்துச் சென்றோம். வரிசை நீண்டிருந்தது. நாம் சற்றுத் தூரத்தில் வேப்பமர நிழலில் நின்றோம். மேசையில் இருந்தவர் நிமிர்ந்து, "உம்முடைய இடம் எது?" என்று கேட்டது எம் காதில் விழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய நெஞ்சிடிப்பு அப்படியே திரும்பி வந்தது.

"முன்னுக்கு, வலப்பக்கம், சேர்" என்றான் எமது பையன். ஒரு கணம் நிறுத்தி, "தேவையெண்டால் பின்னுக்கும் நிப்பன்" என்று சேர்த்துக்கொண்டான்.

அவர் தலையசைத்தார். பெயர்ப் பட்டியல் இன்னும் வெளிவரவில்லை. வரும்போது அவன் பெயர் இருக்குமோ இராதோ, நாம் அறியோம். ஆனால் அந்தப் பேனா குனிந்து எழுதியதை எமது கண்ணாற் கண்டோம்.